மேடையிலிருந்து இறங்கிய பிறகு

பள்ளியில் வேதியியல் ஆசிரியராக இருந்தபோது, விடுமுறைகளில் ஊர் ஊராகப் போய் 'மந்திரமா, தந்திரமா?' நிகழ்ச்சி நடத்துவோம். சாமியார்களின் அற்புதங்களை மேடையில் செய்துகாட்டி, அப்புறம் குட்டை உடைப்பது. இதில் எங்களுக்கு முன்னோடி கோவை போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த். (பெயரைக் கேட்டதும், சிறைக்குப் போன விராலிமலைச் சாமியார் பிரேமானந்தாவா என்பார்கள். இவர் சாமியார்களின் தூக்கத்தைக் கெடுத்தவர்.)

1930இல் கோழிக்கோட்டில் பிறந்தவர். இலங்கையில் தாவரவியல் ஆசிரியராக இருந்த ஆபிரகாம் கோவூர், ஏமாற்ற வழியில்லாத நிலையில் அற்புதம் செய்துகாட்டினால் ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்திருந்தார். 1978இல் அவர் இறந்த பிறகு சவாலைப் பிரேமானந்த் தொடர்ந்தார். பரிசை யாரும் வாங்கவில்லை. எனக்குப் பிடித்தது 1986 வழக்கு. புட்டபர்த்தி சாய்பாபா வெறுங்கையில் தங்கம் வரவழைப்பது நிஜமென்றால், அனுமதியில்லாமல் தங்கம் தயாரிப்பதைத் தடுத்த அன்றைய தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அது மீறுவதாகாதா என்று நீதிமன்றம் போனார்! தள்ளுபடியானது. ஆனாலும் என்ன குறும்பு! 2009இல் சாகும் தறுவாயில்கூட, தான் இன்னமும் பகுத்தறிவாளரே என்று அறிக்கை விட்டார். நாத்திகர் படுக்கையில் விழுந்தால் 'கடைசியில் சாமி கும்பிட்டார்' என்று கிளப்பிவிடுவார்கள், தெரியும்தானே.

செய்முறை எளிது. விபூதியைக் கஞ்சியில் குழைத்து உருட்டிக் காயவைத்து, கட்டைவிரல் இடுக்கில் ஒளித்தால் போதும். கையைச் சுழற்றிப் பொடித்துக் கொட்டலாம். கத்தியில், புளிப்பு பட்டால் சிவக்கும் மெத்தில் ஆரஞ்சுச் சாயத்தைத் தடவி எலுமிச்சையை அறுத்தால் 'ரத்தம்'. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் 'நெய்' என்று கிளிசரினை விட்டால் யாகம் தானே பற்றிக்கொள்ளும். கைதட்டல் நிச்சயம்.

கஷ்டமான வேலை அப்புறம்தான். பெட்டியைக் கட்டும்போது ஓரமாக ஓர் அம்மா நிற்பார். "சார், நீங்க சொல்றதெல்லாம் சரிதான். ஆனா என் மருமக மேல ஏறுறது தந்திரம் இல்லையே?" இவருக்குக் கிளிசரின் பதில் ஆகாது. கோவூர் பேய் வீடுகளுக்கே நேரில் போய் விசாரித்தவர், ஹிப்னாடிசம் செய்தும் குணப்படுத்தியவர். எங்களுக்கு அந்தத் திறமை ஏது? மருமகள் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, வீட்டில் என்ன சண்டை என்று கேட்போம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வழி எழுதிக் கொடுப்போம். மேடையில் பக்தர்களைக் கிண்டலடித்த ஊர்களில் இப்படி யாரும் கிட்டே வருவதில்லை. அதனால் என் பேச்சில் கிண்டல் சாமியாரோடு நின்றுவிடும். "நாம என்ன டாக்டரா, தோழர்?" என்று கூட வருகிறவர்கள் சிலர் அலுத்துக்கொள்வார்கள். அவர்களைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகச் சொல்லிவிடுவேன்.