உறைய மறுக்கும் நிக்கலை அளப்பது: சிங்கப்பூர் ஆய்வகத்துக்கான சில குறிப்புகள்

தூய நிக்கலின் உருகுநிலை 1,728 கெல்வின், அதாவது 1,455 டிகிரி செல்சியஸ். உறைதலைத் தொடங்கிவைக்கும் அழுக்கை நீக்கிவிட்டால் அதற்கு 300 டிகிரி கீழேயும் அது திரவமாகவே நிற்கும். இயற்பியலாளர் டேவிட் டர்ன்புல் 1950-லேயே சிறு துளிகளில் இதைக் காட்டினார். ஒரு கிராம் அளவில் செய்ய, கண்ணாடிக் குழம்பில் மூழ்கவைக்கும் முறை போதும். குவார்ட்ஸ் குவளையில் நிக்கலைப் போட்டு, போரான் ஆக்சைடால் மூடி, ஆர்கன் சூழலில் இண்டக்‌ஷன் சுருளால் உருக்க வேண்டியதுதான்.

இந்த ஊரில் முதல் எதிரி ஈரப்பதம். போரான் ஆக்சைடு காற்றிலுள்ள நீரை இழுத்துப் போரிக் அமிலமாக மாறும். அதை அப்படியே சூடாக்கினால் நுரைத்துப் பொங்கும். நீராவி உலோகத்தையும் ஆக்சிஜனேற்றும். அதனால் பிளாட்டினக் குவளையில் சுமார் 1,000 டிகிரியில் குமிழி அடங்கும்வரை உருக்கி, ஆறியதும் உடைத்து, வெற்றிட டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலத்தில்) வைக்கிறோம். எடுத்த துண்டு உடனே உலைக்குள் போக வேண்டும். மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பும்போது அதன் மேல் வெள்ளைப் பூச்சு படிந்திருக்கும்.

உருகுநிலைக்கு மேல் 100 முதல் 200 டிகிரி வரை சூடாக்கி, சில நிமிடம் நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி உருக்க வேண்டும். ஆக்சைடு குழம்பில் கரையக் கரைய, ஒவ்வொரு சுற்றிலும் துளி இன்னும் குறைந்த வெப்பநிலை வரை உறையாமல் இறங்கும். ஒரு துளிக்கு ஒரு குவளை என்று வைத்துக்கொள்ளுங்கள். நெடுநேரம் சூட்டில் இருந்த குவார்ட்ஸ் கிறிஸ்டோபலைட் என்ற சிலிக்கா படிகமாக மாறி, ஆறும்போது வெடிக்கும்.

வெப்பநிலையைப் பைரோமீட்டர்தான் சொல்லும்; தொடாமல், துளி உமிழும் ஒளியை வைத்து அளக்கும் கருவி அது. நீண்ட அலைநீளத்தில் கண்ணாடியே ஒளிரும், ஆகவே 0.9 மைக்ரோமீட்டர் போன்ற குறுகிய அலைநீளம் நல்லது. புதிதாக வருகிற பிள்ளைகள் திருத்தத்தில்தான் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். உமிழ்திறன் (முழுக் கரும்பொருளோடு ஒப்பிட்டால் துளி உமிழும் ஒளியின் பங்கு) 0.35 என்றால், உருகும்போது கருவி 1,728-க்குப் பதில் 1,552 கெல்வின் காட்டும். 176 குறைகிறது என்று எல்லா அளவீட்டுக்கும் 176 கூட்டுவது தவறு. மாறாமல் இருப்பது உண்மை வெப்பநிலை, கருவி காட்டும் வெப்பநிலை இரண்டின் தலைகீழிகளுக்கு (1/T) இடையிலான வேறுபாடு. உண்மையில் 1,428 கெல்வினில் இருக்கும் துளியைக் கருவி 1,306 என்று காட்டும். அதில் 176 கூட்டினால் 1,482 வரும். 300 டிகிரி மீக்குளிர்வு (உருகுநிலைக்குக் கீழே உறையாமல் இறங்கிய அளவு) காகிதத்தில் 246 ஆகிவிடும். உருகும்போது வரைபடத்தில் வெப்பநிலை மாறாமல் நிற்கும் தட்டைக் கோட்டில் தலைகீழி வேறுபாட்டைக் கணக்கிட்டு, உமிழ்திறன் மாறவில்லை என்று கொண்டு, கீழே உள்ள எல்லாப் புள்ளிக்கும் அதையே பயன்படுத்துங்கள். குமிழி பார்வைக் கோட்டைக் கடந்தால் வரைபடத்தில் பொய்ப்பள்ளம் விழும். உறைதலோ செங்குத்தாக ஏறி, உருகுநிலை அருகே தட்டையாகும். குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

உறைதல் பரவும் வேகத்தை அந்தப் பைரோமீட்டரால் அளக்க நினைக்காதீர்கள். ஒரு கிராம் உருண்டையின் விட்டம் சுமார் 6 மில்லிமீட்டர். உறைமுகம் (திடமும் திரவமும் சந்திக்கும் எல்லை) நொடிக்கு 20 மீட்டர் போனால் 0.3 மில்லிநொடியில் கடந்துவிடும். பல மில்லிநொடி எடுத்துப் பதில் சொல்லும் கருவி அதை இழுத்துப் பூசிவிடும். ஒளியை உடனே மின் சிக்னலாக்கும் சிலிக்கான் போட்டோடயோடும், நொடிக்கு 40,000 படம் எடுக்கும் கேமராவும் வேண்டும். அப்போதும் கைக்கு வருவது 12 படங்கள்தான்.

உறைதல் எங்கே தொடங்கியது என்று தெரியாமல் வேகம் சொல்ல முடியாது. பின்பக்கம் தொடங்கினால் முகம் உள்ளே கோளமாக விரிந்து மேற்பரப்பை வெட்டும். அந்த வெட்டுக்கோடு உண்மை முகத்தைவிட வேகமாக ஓடும். அதனால் கேமராவுக்குத் தெரியும் ஒரு புள்ளியில் மெல்லிய நிக்கல் கம்பியால் தொட்டு உறையவைக்கிறோம். தொடுவதற்கு முன் இண்டக்‌ஷனை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அதன் இரைச்சல் போட்டோடயோடு சிக்னலில் ஏறும். கேமராவை நிற்காமல் நினைவகத்தில் பதிந்துகொண்டே இருக்கவிட்டு, போட்டோடயோடு ஏற்றத்தையே டிரிகராகக் கொடுத்தால் தொட்ட கணத்துக்கு முந்தைய படங்களும் கிடைக்கும்.