68-ம் 56-ம்: அப்பாவின் நுரையீரல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு

புற்றுநோய்க்காக அப்பாவின் வலது நுரையீரலில் கீழ் மடலை, அதாவது அடிப்பகுதியை, எடுத்து இரண்டு வருடம் மூன்று மாதம் ஆகிறது. இதற்குள் எங்களிடம் எத்தனையோ எண்களைச் சொல்லிவிட்டார்கள். எந்த எண் எதைப் பற்றியது என்று பிரித்துப் புரிந்துகொள்ளவே எனக்குப் பல மாதம் பிடித்தது. பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கம் யாராவது இதேபோல ஒரு ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் உட்கார்ந்திருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா 26 வருடம் கிரானைட் குவாரியில் வேலை செய்தவர். கம்ப்ரசர் வைத்துப் பாறையில் துளை போடுவார். தண்ணீர் விடாமல், காய்ந்த கல்லில். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம் வெள்ளையாக இருக்கும். பீடியும் உண்டு. கல்தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே அறிவித்துவிட்டது. எங்கள் ஊரில் அதை யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

அதே தூசி காசநோய்க்கும் வழிவிடும். அதனால் 2022 டிசம்பரில் இருமல் நிற்காமல் எக்ஸ்ரே எடுத்து, அதில் ஒரு நிழல் தெரிந்ததும், நாங்கள் பார்த்த மருத்துவர் காசநோய் என்று முடிவு செய்துவிட்டார். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. இருந்தும் ஆறு மாதம் மாத்திரை. அப்பா ஒரு நாள்கூட விடாமல் விழுங்கினார். இருமலும் ஒரு நாள்கூட விடவில்லை. ஜூலையில் சளியில் ரத்தம் கோடு போல வந்த பிறகுதான் சி.டி. ஸ்கேன் எடுத்தோம். ஊசி வழியாகச் சதை எடுத்துப் பார்த்ததில் அடினோகார்சினோமா என்று வந்தது. நுரையீரல் புற்றுநோயில் அது ஒரு வகை. பிறகு வேலூரில் ஒரு அறுவை மருத்துவர் அந்தப் பழைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நிழல் அதே இடத்தில், சின்னதாக இருந்தது. அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. சளியில் கிருமி இல்லாமல் காசநோய் மாத்திரை கொடுத்து, இரண்டு மாதத்தில் இருமல் குறையவில்லை என்றால், தயவுசெய்து ஸ்கேன் கேளுங்கள்.

வேலூரில் எங்களுக்கு முதலில் சொன்ன எண் புற்றுநோயைப் பற்றியதே இல்லை. ஒரு மடலை எடுத்த பிறகு மீதி நுரையீரல் அவரைத் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி. மருத்துவர் தாளில் படம் போட்டுக் காட்டினார். இரண்டு நுரையீரலும் சேர்த்து 19 துண்டுகள். வலது கீழ் மடலில் 5. அதை எடுத்தால் மீதி 14. அப்பா ஒரு நொடியில் ஊதித் தள்ளிய காற்று 1.9 லிட்டர். 1.9-ஐ 14-ஆல் பெருக்கி 19-ஆல் வகுத்தால் 1.4 லிட்டர். அவர் வயதுக்கும் உயரத்துக்கும் 2.7 இருக்க வேண்டும், ஆக 52 சதவீதம். 60-க்கு மேல் இருந்தால் நேராக அறுவைக்குப் போகலாம், 30-க்கும் 60-க்கும் நடுவில் இருந்தால் நடக்கவோ படி ஏறவோ வைத்துப் பார்ப்போம் என்றார்.

22 மீட்டர் உயரம் படி ஏற வேண்டும். மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் ஏழு மாடிக்குக் கொஞ்சம் மேல். விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டிக்கொண்டு அப்பா ஏற, பின்னால் பிசியோதெரபி தம்பி, அவருக்குப் பின்னால் நான். ஐந்தாவது மாடியில் அப்பாவுக்கு உதடு உலர்ந்துவிட்டது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார், ஆனால் நிற்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும், "பாறை ஏறுனவனுக்கு இது என்ன கண்ணு" என்றார். பேச்சு முழுதாக வருவதற்கே ஒரு நிமிடம் ஆனது. அன்றே பீடியை விட்டார். மூச்சுப் பயிற்சிக்குக் கொடுத்த மூன்று பந்துக் கருவியை வாயில் வைத்து இழுத்து இழுத்து, மூன்றாவது பந்தையும் தூக்க அவருக்குப் பத்து நாள் ஆயிற்று. நாலு வாரம் கழித்து அறுவைக்கு நாள் குறித்தார்கள்.

இரண்டாவது எண் 68. ஸ்கேனில் கட்டி 3.4 சென்டிமீட்டர், நிணநீர்க் கணுக்களில் பரவியதாகத் தெரியவில்லை, வேறு எங்கும் இல்லை. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று வகைப்படுத்தும் கணக்கில் இது 1பி நிலை. இந்த நிலையில் இருப்பவர்களில் நூற்றுக்கு 68 பேர் ஐந்து வருடத்துக்குப் பிறகும் உயிரோடு இருக்கிறார்கள் என்றார் மருத்துவர். நான் அந்த 68-ஐ அம்மாவிடம், தம்பியிடம், பெரியப்பாவிடம் என்று எல்லோரிடமும் சொன்னேன். பரீட்சை மார்க் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

2023 அக்டோபரில் அறுவை. விலா எலும்புகளுக்கு நடுவில் போட்ட குழாய் கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில் முடியும். இருமும்போது அதில் குமிழி வந்தால் நுரையீரலில் எங்கோ இன்னும் காற்று கசிகிறது என்று அர்த்தம். ஆறு நாள் நான் அப்பாவின் முகத்தைப் பார்த்ததைவிட அந்தப் பாட்டிலைப் பார்த்ததுதான் அதிகம். ஏழாவது நாள் குமிழி நின்றது, குழாயை எடுத்தார்கள். செலவில் ஒரு பங்கை முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஏற்றுக்கொண்டது. குடும்ப வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கி அட்டையை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுங்கள். நோயாளி படுக்கையில் இருக்கும்போது அதற்கு அலைவது கொடுமை.

அதன் பிறகு திசுப் பரிசோதனை முடிவு வந்தது. கட்டி முழுதாக வந்துவிட்டது, வெட்டிய விளிம்பில் செல் எதுவும் இல்லை. எடுத்துப் பார்த்த 14 கணுக்களில் ஒன்றில் மட்டும் புற்று இருந்தது. அந்த ஒன்றால் 1பி நிலை 2பி ஆனது. 68 போய் 56 வந்தது.

மருத்துவமனைக்கு வெளியே டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அறுவை நன்றாக நடந்தது என்றார்கள், பிறகு எப்படி எண் குறையும்? அடுத்த முறை போனபோது அதையே மருத்துவரிடம் கேட்டேன். "அந்தக் கணு ஸ்கேன் எடுத்த அன்றைக்கும் அப்படியேதான் இருந்திருக்கும். ஸ்கேனுக்குத் தெரியவில்லை, மைக்ராஸ்கோப்புக்குத் தெரிந்தது. அறுவைக்கு முன்னால் சொல்வது ஒரு பட்டியல், திசுவைப் பார்த்த பிறகு சொல்வது வேறு பட்டியல்" என்றார். அந்தப் பட்டியல்கள் 1999-க்கும் 2010-க்கும் இடையில் நோய் கண்டறியப்பட்ட, 16 நாடுகளைச் சேர்ந்த 94,708 பேரை வைத்துப் போட்டவை. 56 என்பது குணமானவர்களின் கணக்கும் இல்லை. மாரடைப்பில் போனவரும் விபத்தில் போனவரும் மீதி 44-இல்தான் வருவார்கள். அதற்குப் பிறகு மருந்துகளும் மாறிவிட்டன.

நான் மாங்கூழ் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறவள். எண் என்றால் எனக்கு நம்பிக்கை. அதனால் இரவில் போனில், பிழைக்கும் வாய்ப்பைக் கணக்குப் போட்டுச் சொல்லும் ஒரு கணிப்பானைத் திறந்து அப்பாவின் வயது, கட்டியின் அளவு, கணு என்று எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். 26 வருடக் கல்தூசியை எழுத அதில் கட்டமே இல்லை. வீணாய்ப்போன ஆறு மாதத்துக்கும் இல்லை. ஏழு மாடி ஏறியதற்கும் இல்லை. அன்றோடு அதை மூடிவிட்டேன்.

அடுத்தது கீமோ. சிஸ்பிளாட்டின் சேர்ந்த மருந்து, மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு முறை. ஐந்து ஆய்வுகளில் இருந்த 4,584 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்ததில், அறுவைக்குப் பிறகு இது கொடுத்தால் ஐந்து வருடத்தில் நூற்றுக்கு ஐந்து பேர் போல கூடுதலாகப் பிழைக்கிறார்களாம். அப்பா மருத்துவரையே கேட்டார்: "அந்த அஞ்சு பேர்ல நான் இருப்பனாங்க?"

"தெரியாதுங்க ஐயா. அது யாருக்கும் தெரியாது."

அந்தப் பதில் அப்பாவுக்குப் பிடித்துப்போனது. கீமோவுக்கு ஒத்துக்கொண்டார். வாந்தி, காதுக்குள் இரைச்சல், வாயில் ருசி இல்லை. கேழ்வரகுக் கூழும் மோரும்தான் இறங்கியது. நான்கையும் முடித்தார். கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணு மாறியிருக்கிறதா என்றும் பார்த்தார்கள், அப்பாவுக்கு இல்லை. இருப்பவர்களுக்கு ஓசிமெர்டினிப் மாத்திரை இருக்கிறது. 2023-இல் வந்த ஆய்வில், அறுவைக்குப் பிறகு அதைச் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 88 பேர் ஐந்து வருடம் இருந்தார்கள், சாப்பிடாதவர்களில் 78 பேர். அடினோகார்சினோமா என்றால் இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

56 என்ற எண்ணை அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். மூன்றாவது கீமோ முடிந்து கிருஷ்ணகிரிக்குத் திரும்பும்போது, வாணியம்பாடி தாண்டியதும் அவரே கேட்டார். என்னால் மறைக்க முடியவில்லை. 68-ஐயும் சொன்னேன், 56-ஐயும் சொன்னேன். எங்களுக்கு ஒன்றரை ஏக்கரில் பெங்களூரா மாமரங்கள் உண்டு. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "குத்தகைக்காரன் பூவைப் பார்த்து ஒரு வெலை சொல்லுவான். பிஞ்சு நின்னா ஒரு வெலை. காத்து மழை தாண்டிக் காய் முத்துனா வேற வெலை. மரம் அதே மரந்தான் கண்ணு." பிறகு தூங்கிவிட்டார்.

நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள் திரும்பும். அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். ஒவ்வொன்றுக்கும் முந்தின வாரம் வீட்டில் யாரும் சரியாகப் பேசுவதில்லை. கடந்த அக்டோபரில் நான்காவது ஸ்கேனும் சுத்தமாக வந்தது. இனி அந்த 56 என்னவாகும் என்று கேட்டேன். அது அறுவை முடிந்த அன்றைக்குச் சொன்னது, இரண்டு வருடம் தாண்டியவருக்கு அதைவிடக் கூடும் என்றார் மருத்துவர். எவ்வளவு என்று கேட்க வாயெடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டார்.

இந்தத் தையில் மரங்கள் நன்றாகப் பூத்திருக்கின்றன. அடுத்த ஸ்கேன் ஏப்ரலில். காய் இறக்கிவிட்டுப் போகலாமா என்று கேட்டுப் பார்த்தார். முடியாது என்று சொல்லி நாள் வாங்கிவிட்டேன். பழைய படங்களை எல்லாம் வரிசையாக அடுக்கிப் பையில் வைத்திருக்கிறேன். 2022 டிசம்பர் எக்ஸ்ரேயும் அதில் இருக்கிறது.