18 படியும் அம்மாவின் முழங்காலும்: விமானத்துக்குப் பஸ்ஸில் போன அனுபவம்

பஸ் நின்றது. எதிரே விமானம். அதன் வாசலுக்கு ஏற ஒரு படிக்கட்டு. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி, அண்ணாந்து பார்த்தார். எண்ணிப் பார்த்தேன், 18 படி.

"சபரிமலை மாதிரி நிக்குது. என்னால ஆவாதுடி" என்றார்.

அம்மாவுக்கு 74 வயது. இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. ஆடுதுறையில் எங்கள் வீட்டு வாசலில் மூன்று படி. அதற்கே ஒரு பக்கம் சுவரையும் மறுபக்கம் என் தோளையும் பிடித்துக்கொள்வார். சமதளத்தில் மெதுவாக நடப்பார். படிதான் முடியாது. அதற்காகத்தான் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று பதிவு செய்திருந்தோம். நாற்காலியும் வந்தது. படிக்கட்டின் அடியோடு நின்றுவிட்டது.

போன வருஷம் மாசி மாதம். சம்பா அறுப்பு முடிந்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, புனேயில் இருக்கும் தம்பி வீட்டுக்குக் கிளம்பினோம். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ரயிலில் ஒரு நாளுக்கு மேல் உட்கார அம்மாவால் முடியாது. திருச்சியில் ஏறி, இடையில் ஒரு பெரிய ஊரில் விமானம் மாறி, புனேயில் இறங்குவதாக ஏற்பாடு.

திருச்சி வரைக்கும் காரில் போனோம். கும்பகோணம், தஞ்சாவூர் தாண்டி மூன்று மணி நேரம். 2024 ஜூன் மாதம் பயன்பாட்டுக்கு வந்த புது முனையத்தை அம்மா அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார். கோயில் கோபுரத்து வண்ணங்களை எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே நிதானமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது விமானத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் பாலம் தெரிந்தது. "இது வழியா அப்படியே உள்ளே போயிடலாம்மா" என்று தைரியம் சொன்னேன். எங்கள் விமானத்துக்குப் பாலம் இல்லை, பஸ்தான்.

அது ஏ.டி.ஆர். 72 என்ற சின்ன விமானம். இறக்கை மேலே, அதில் இரண்டு பக்கமும் ஆறு இதழ் விசிறி. பயணிகள் பின்பக்கக் கதவு வழியாகத்தான் ஏற வேண்டும். முன்பக்கம் சாமான் ஏற்றுகிற இடம். வாசலும் தரையிலிருந்து நாலடி உயரம்தான். பெரிய விமானத்துக்கென்று கட்டிய பாலம் அவ்வளவு தாழ்ந்து, அதுவும் விசிறியைத் தாண்டிப் பின்னால் போய் ஒட்டுவது நடக்காத காரியம். இது எனக்கு அன்றைக்குத் தெரியாது. கதவோடு மடிந்து இறங்கிய அந்தச் சில படிகளில், அம்மா இரண்டு பக்கக் கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறிவிட்டார். மேலே போய் உட்கார்ந்ததும் முகமெல்லாம் வியர்வை.

விமானம் மாறின ஊரில்தான் அந்த 18 படி.

அங்கே நின்றது ஏ320 ரகப் பெரிய விமானம். அதன் வாசல் தரையிலிருந்து ஏறக்குறைய 11 அடி உயரம். கிட்டத்தட்ட ஒரு மாடி. நாற்காலி தள்ளி வந்த பையன் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தான். "அக்கா, இவங்களுக்கு 'ஆர்'னு போட்டிருக்கு. படி ஏறுவாங்கன்னு அர்த்தம்" என்றான். எனக்குப் புரியவில்லை. அப்போது அங்கே மஞ்சள் மேலங்கி போட்ட மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார். அம்மா பேசுவதைக் கேட்டதும், "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். அவருக்குப் பாபநாசம் பக்கம். ஆடுதுறை என்றதும் முகம் மாறிவிட்டது. "அம்மாவை ஏறச் சொல்லாதீங்கக்கா. லிஃப்ட் வண்டிக்குச் சொல்லியிருக்கேன். வேற விமானத்துல நிக்குது, வந்துடும்" என்றார்.

வண்டி வர 25 நிமிடம் ஆனது. மற்றவர்கள் எல்லாரும் ஏறி முடித்துவிட்டார்கள். காலியான பஸ்ஸிலேயே அம்மாவை உட்கார வைத்து, அதை அங்கேயே நிறுத்தச் சொல்லிவிட்டார் அவர். வெளியே மத்தியான வெயிலில் காங்க்ரீட் தரை கொதித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இவ்வளவு பெரிய கட்டடம் கட்டியிருக்கீங்க, பாலம் வெச்சிருக்கீங்க. எதுக்கு சார் வயசானவங்களைப் பஸ்ல ஏத்தி இப்படி வெயில்ல கொண்டாந்து விடுறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நின்று பதில் சொன்னார். அந்த 25 நிமிடத்தில் அவர் சொன்னதும், ஊருக்கு வந்தபின் நானாகத் தேடிப் படித்ததும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் காரணம் எண்ணிக்கை. பெரும்பாலான விமான நிலையங்களில் பாலம் உள்ள நிறுத்தங்களைவிட விமானங்கள் நிற்கும் இடங்கள் அதிகம். எல்லா விமானமும் ஒரே நேரத்தில் வராது என்று கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறார்கள். ஆனால் காலையிலும் இரவிலும் கும்பலாக வந்துவிடும். அப்போது வெளிநாட்டு விமானத்துக்கும் பெரிய விமானத்துக்கும் பாலம் முதலில் போகும். ஒரு விமானம் கிளம்பத் தாமதமானால் அதற்கென்று ஒதுக்கிய பாலம் காலியாகாது. அடுத்து வருகிற விமானத்தைத் தூரத்து நிறுத்தத்துக்கு அனுப்பிவிடுவார்கள். ராத்திரி முழுக்கத் தூரத்தில் நிறுத்தி வைத்த விமானத்தை விடியற்காலை முதல் பயணத்துக்காக இழுவை வண்டி கட்டிப் பாலத்துக்குக் கொண்டுவருவதைவிட, ஆட்களைப் பஸ்ஸில் கொண்டுபோவது சுலபம். ஆக, பஸ்ஸா பாலமா என்பது பல நாள் கடைசி ஒரு மணி நேரத்தில்தான் முடிவாகிறது. டிக்கெட் எடுக்கும்போது யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இரண்டாவது காரணத்தை அவர் சொன்னபோது அம்மாவே குறுக்கிட்டார். விமானம் தரையில் நிற்கும் நேரமெல்லாம் கம்பெனிக்கு நஷ்டம் என்று அவர் ஆரம்பித்ததும், "நம்ம அறுப்பு மிஷின் மாதிரி சொல்லு" என்றார் அம்மா. டெல்டாவில் இதை விளக்க வேண்டியதில்லை. அறுப்புக் காலத்தில் பெல்ட் மிஷின் மணிக்கணக்கு வாடகைக்கு வருகிறது. வயலில் இறங்கி ஓடினால்தான் மிஷின்காரருக்குக் காசு. ஒரு வயல் முடிந்ததும் அடுத்த வயலுக்குப் பறப்பார். நெல் கொட்ட டிராக்டர் வரத் தாமதமானால் அவர் படும் பாட்டை நாம் பார்த்திருக்கிறோம். விமானமும் அப்படித்தான். இறங்கி, ஆட்களை இறக்கி, கூட்டித் துடைத்து, எரிபொருள் நிரப்பி, மறுபடி ஆள் ஏற்றி அரை மணி நேரத்துக்குள் கிளம்பப் பார்ப்பார்கள்.

அந்த அரை மணி நேரத்தில்தான் கதவுக் கணக்கு வருகிறது. இந்த ரக விமானத்துக்குப் பாலம் முன்பக்க இடது கதவு ஒன்றோடுதான் ஒட்டும். பின் கதவுக்குப் போக இறக்கை தடுக்கும். 180 பேரும் ஒரே வாசலில் ஒருவர் பின் ஒருவராகப் போய், ஒருவர் பெட்டியை மேலே தூக்கி வைக்கும்வரை பின்னால் அத்தனை பேரும் நிற்க வேண்டும். தூரத்து நிறுத்தத்தில் முன்னாலும் பின்னாலும் இரண்டு படிக்கட்டு போடலாம். கல்யாண மண்டபத்தில் பந்திக்கு இரண்டு கதவையும் திறந்துவிட்டால் இலை எவ்வளவு சீக்கிரம் நிரம்புகிறது, அதுபோல. இன்டிகோ நிறுவனம் 2022-இல் முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என மூன்று வழியில் ஆட்களை இறக்கும் முறையையே கொண்டுவந்தது.

மூன்றாவது, காசு. பல நிலையங்களில் பாலத்தைப் பயன்படுத்தத் தனிக் கட்டணம் உண்டு. ஆனால் பஸ்ஸும் சும்மா வரவில்லை. வண்டி, ஓட்டுநர், படிக்கட்டு, ஆட்கள் என்று அதற்கும் செலவுதான். அதனால் பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் பஸ்ஸில் ஏற்றுகிறார்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது என்பது என் எண்ணம். நேரமும் இடமும்தான் பெரிய காரணம்.

"இந்தா தெரியுதே, நடந்தே போயிடலாமே, இதுக்கு எதுக்கு பஸ்?" என்றும் கேட்டேன். எரிபொருள் வண்டி, சாமான் இழுக்கும் வண்டி, ஓடும் விசிறி, ஜெட் இன்ஜின் பின்னால் தள்ளுகிற காற்று, இவற்றுக்கு நடுவில் குழந்தை குட்டியோடு 180 பேரை நடக்கவிட முடியாது என்றார். சின்ன நிலையங்களில் பக்கத்தில் நின்றால் கோடு போட்ட வழியில் நடத்திக் கூட்டிப்போவதும் உண்டு.

காரணங்கள் எல்லாம் எனக்குப் புரிந்தன, ஏற்றுக்கொள்ளவும் முடிந்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். காலில் தெம்பு உள்ளவருக்குப் பஸ் என்பது பத்து நிமிட அசௌகரியம். முழங்கால் போனவருக்கு முழுப் பயணமும் அந்தப் படிக்கட்டில்தான் முடிவாகிறது. பாலத்தை யாருக்கு ஒதுக்குவது என்று முடிவு செய்யும்போது, எந்த விமானத்தில் எத்தனை சக்கர நாற்காலி என்ற கணக்கையும் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கு அவர்கள் கையில் முன்கூட்டியே இருக்கிறது.

லிஃப்ட் வண்டி வந்தது. ஆம்புலிஃப்ட் என்கிறார்கள். லாரியின் மேல் ஒரு அறை. கத்தரிக்கோல் போல மடிந்து விரியும் இரும்புக் கால்களில் அந்த அறை அப்படியே மேலே எழும்புகிறது. மற்றவர்கள் ஏறுகிற கதவுக்கு நேர் எதிரே, வலப்பக்கக் கதவில் போய் ஒட்டுகிறது. அம்மா நாற்காலியோடு உள்ளே போனார், நானும் கூட நின்றேன். மேலே போகப் போக அம்மா என் கையை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்.

கிளம்பும் முன்பு அந்தப் பாபநாசத்துக்காரர் சொன்னதுதான் இந்த அனுபவத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம். சக்கர நாற்காலி என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அதில் மூன்று வகை. டபிள்யூ.சி.ஹெச். என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி எழுத்தைப் பார்க்க வேண்டும். 'ஆர்' என்றால் தூரம் நடக்க முடியாது, ஆனால் படி ஏறி இறங்குவார். 'எஸ்' என்றால் படி ஏற முடியாது, உள்ளே இருக்கை வரை மெதுவாக நடப்பார். 'சி' என்றால் நடக்கவே முடியாது, இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும். அதற்கு விமானத்தின் நடுப்பாதைக்குள் நுழைகிற குறுகலான நாற்காலி கொண்டுவருவார்கள். எங்கள் டிக்கெட்டைப் போட்டது அக்கா மகன். பட்டியலில் முதலில் இருந்ததைத் தொட்டுவிட்டான். அவன் மேல் தப்பில்லை, அந்த எழுத்துக்கு அர்த்தம் இருக்கிறது என்றே எங்களில் யாருக்கும் தெரியாது.

திரும்பி வரும்போது கவனமாக இருந்தேன். பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பே தொலைபேசியில் கூப்பிட்டு, "படி ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது" என்று சொல்லி, இரண்டு விமானத்துக்கும் 'எஸ்' என்று மாற்றச் சொன்னேன். இறங்கவும் என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மூட்டுத் தேய்ந்த பலருக்கு ஏறுவதைவிட இறங்குவதில்தான் வலி அதிகம். புறப்படும் ஊரிலிருந்து இறங்கும் ஊருக்கு முன்கூட்டியே தகவல் போனால்தான் அங்கே வண்டி தயாராக நிற்கும். நிலையத்துக்குப் போனதும் பெட்டி போடும் இடத்தில் ஒருமுறை, விமானம் ஏறும் வாசலில் ஒருமுறை, தாளில் 'எஸ்' இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துக்கொண்டேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே போயிருந்தோம்.

புனேயில் அன்றைக்குப் பாலமே கிடைத்தது. நாற்காலி நேராக விமான வாசல் வரைக்கும் போனது. மாறின ஊரில் பஸ்தான், ஆனால் லிஃப்ட் வண்டி காத்திருந்தது. இறங்கும்போது எல்லாரும் போனபின் கடைசியாகத்தான் நம்மை இறக்குவார்கள். அதனால் அடுத்த விமானத்துக்கு நடுவில் மூன்று மணி நேரமாவது இருக்கும்படி டிக்கெட் எடுத்தது நல்லதாகப் போயிற்று. திருச்சியில் அதே சின்ன விமானம். இந்தத் தடவை படிக்குப் பதில் ஒரு சரிவுப் பாதையைக் கொண்டுவந்து வாசலில் சேர்த்தார்கள். அம்மாவை நாற்காலியோடு பின்பக்கமாகத் திருப்பி, இரண்டு பேர் பிடித்து மெதுவாக இறக்கினார்கள்.

தம்பி குழந்தைக்கு இந்த ஐப்பசியில் காது குத்து வைத்திருக்கிறார்கள். டிக்கெட் எடுத்தாயிற்று. நேற்று சாயந்தரம் திண்ணையில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே அம்மா கேட்டார்.

"இந்தத் தடவை பஸ்ஸா, பாலமா?"

"அது அன்னைக்குத்தாம்மா தெரியும். எதுவா இருந்தாலும் லிஃப்ட் வண்டிக்கு எழுதிக் குடுத்தாச்சு."

"அந்தப் பாபநாசத்துத் தம்பி இருப்பானா?" என்றார். அவருக்குக் கொடுக்க ஒரு டப்பா அதிரசம் சுட வேண்டுமாம்.