எடுத்த இடத்திலேயே வைத்துவிடு

தொல்லியல் வேலையில் சேர்ந்த புதிதில், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து முங்கோ ஏரிக்கரையில் ஒரு கல் சில்லைக் குனிந்து எடுத்தேன். ஏரி என்று பெயர்தான், தண்ணீர் வற்றிப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன. சில்லின் ஓரம் நேற்றுத் தீட்டியதுபோல் கூராக இருந்தது. பைக்குள் போடப் போனபோது, கூட வந்த, முத்தி முத்தி என்ற பழங்குடி இனத்துப் பெரியம்மா தடுத்தார். அங்கே எல்லோரும் அவரை ‘ஆன்ட்டி’ என்றுதான் கூப்பிடுவோம்.

“படம் எடு, அளந்துக்கோ. கல்லு இங்கேயே இருக்கட்டும்.”

சரி என்று கீழே வைத்தேன். அவர் மண்டியிட்டு அதைத் திருப்பி வைத்தார். “வெயில்ல வெளுத்த பக்கம்தான் மேல வரணும்.”

நான் அந்த வெளுப்பைக் கவனிக்கவே இல்லை.

அந்த மண்ணில்தான் 1968-இல் ஜிம் பௌலர் என்ற புவியியலாளர் எரியூட்டப்பட்ட ஒரு பெண்ணின் எலும்புகளைக் கண்டார். 1974-இல் செங்காவி தூவிப் புதைத்த ஓர் ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. இரண்டுக்கும் வயது ஏறத்தாழ 42,000 ஆண்டுகள். பாடப்புத்தகத்தில் நான் பரவசப்பட்டுப் படித்த எண் அது. அந்த எலும்புகளை ஆய்வுக்காகக் கான்பெராவுக்குக் கொண்டுபோனதை ஆன்ட்டி சொன்னபோதோ, சொந்தத் தாத்தாவைத் தூக்கிக்கொண்டு போனதுபோல் இருந்தது அவர் குரல். பெண்ணின் எலும்புகள் 1992-இல் திரும்பின. ஆணுக்கு 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சவ ஊர்தியில், உரிய மரியாதையோடு ஊர் வந்தார். 2022-இல் மறுபடி அடக்கம் செய்தார்கள். வேண்டாம் என்று சொன்னவர்கள் அந்தச் சமூகத்திலேயே உண்டு. ஆனால் அது அவர்கள் பேசித் தீர்க்க வேண்டியது. எங்கள் ஆய்வகம் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம், அதே ஏரிப் பகுதியில் பதிந்திருந்த காலடிகள். 2003-இல் அந்தச் சமூகத்து இளம்பெண் ஒருவர் கண்டுபிடித்தவை. சுமார் 20,000 ஆண்டுப் பழமை. அவற்றில் ஒரு வரிசையில் வலது கால் சுவடு மட்டுமே இருந்தது. நடு ஆஸ்திரேலியாவிலிருந்து பிந்துபி இனத்தவர் வந்து பார்த்தார்கள். தடம் பார்த்தே வேட்டையாடி வளர்ந்தவர்கள். ஒற்றைக் காலால் தத்தி ஓடிய மனிதன் என்று உறுதியாகச் சொன்னார்கள். எந்தக் கருவியும் எனக்கு அப்படி ஓர் ஆளைக் கண்முன் நிறுத்தியதில்லை.

போன மாதம் ஒரு சிறு குழி தோண்ட அனுமதி கேட்டிருக்கிறேன். பாக்கன்ச்சி, முத்தி முத்தி, நியாம்பா என மூன்று இனத்துப் பெரியவர்களும் கூடிப் பேச வேண்டும். பதில் இன்னும் வரவில்லை. சல்லடையும் கொத்துக்கரண்டியும் வண்டியில் கட்டியபடியே கிடக்கின்றன.