நத்தாருக்கு முன்பே அடித்த கேக்: யாழ்ப்பாண நாட்குறிப்பு

20 ஒக்டோபர் 2024, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் பழம் வெட்டத் தொடங்கிவிட்டோம். நத்தாருக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறது, இப்பவே என்ன அவசரம் என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டா. பழம் நிறையப் போட்டு, நெடுநாள் வைத்துச் சாப்பிடுகிற ரிச் கேக்குக்கு இதுதான் சரியான நேரம். நத்தார் கிழமையில் அடித்த ரிச் கேக்கைக் கடித்தால் சாதிக்காய் ஒரு பக்கம், கராம்பு ஒரு பக்கம், பிரண்டி ஒரு பக்கம் என்று தனித்தனியாக நாக்கில் நிற்கும். ஆறேழு கிழமை பேசாமல் கிடந்த கேக்கில் எது எதுவென்று பிரிக்கவே முடியாது. அந்த ருசிக்குக் குறுக்கு வழி கிடையாது.

சுல்தானா, பிளம்ஸ், செரி, பாகில் போட்ட இஞ்சி, சௌசௌ, நீற்றுப்பூசணி இனிப்பு எல்லாவற்றையும் சுல்தானாவின் பாதி அளவுக்கு நறுக்க வேண்டும். பெரிய துண்டு கிடந்தால் பிறகு கேக் வெட்டும்போது கத்தி இழுத்துக்கொண்டு போகும். பூசணி இனிப்புக் கத்தியில் பிசினாக ஒட்டும். அம்மா அதன்மேல் ஒரு பிடி ரவையைத் தூவி, விரலால் உதிர்த்து உதிர்த்து வெட்டுகிறா.

கஜுவை இன்று வாங்கவில்லை. நெடுநாள் வைக்கப்போகிற கேக்கில் முதலில் கெடுவது கஜுவில் இருக்கிற எண்ணெய்தான். கேக் அடிக்கிற கிழமையில், கடையிலேயே ஒன்றைக் கடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். காறல் ருசி கொஞ்சம் இருந்தாலும் வேண்டாம்.

நறுக்கிய பழத்தைப் பிரண்டி, தேன், பன்னீர், கறுவாத்தூள், ஏலத்தூளோடு கண்ணாடிப் போத்தலில் போட்டு மூடியாயிற்று.

3 நவம்பர், ஞாயிறு

இன்று கேக் அடித்தோம். ஒரு தட்டுக்கு வறுத்த ரவை 250 கிராம், பட்டர் 350 கிராம், சீனி 500 கிராம், 12 முட்டையின் மஞ்சட்கரு, 6 முட்டையின் வெள்ளைக்கரு. பழமும் கஜுவும் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்கு மேல். உண்மையில் இது பழத்தைப் பிடித்து வைக்க மட்டும் கொஞ்சம் கேக் சேர்த்த பண்டம். ரவையை இளஞ்சூட்டிலேயே பட்டரோடு பிசைந்து ஊற விட்டால்தான் பிறகு பல்லில் நறநறக்காது.

தட்டின் உள்ளே பழைய பத்திரிகைத் தாளை நாலைந்து மடிப்பாகப் போட்டு, அதன்மேல் பட்டர் பூசிய ஓயில் பேப்பர். இரண்டரை மணித்தியாலம் வேகிற கேக்கின் விளிம்பு கருகாமல் காப்பது அந்தப் பத்திரிகைத் தாள்தான். சூடு 140 பாகை செல்சியஸ், அதற்கு மேல் வேண்டாம். கடைசி அரை மணித்தியாலம் மேலே ஒரு பிரவுன் பேப்பர்.

ரிச் கேக்குக்கு ஈர்க்குக் குத்திப் பார்க்கிற கணக்குச் சரிவராது. வெந்த பிறகும் பழப்பாகு ஈர்க்கில் ஒட்டத்தான் செய்யும். நடுவில் விரலால் மெல்ல அமத்தினால் பள்ளம் விழாமல் மேலே வரவேண்டும். அதுதான் பதம். இறக்கிய சூட்டிலேயே பிரண்டியைத் தூரிகையால் தடவி, தட்டோடு ஆற விட்டோம்.

4 நவம்பர், திங்கள்

காலையில் சுற்றி வைத்தோம். முதலில் ஓயில் பேப்பர், அதற்கு வெளியேதான் அலுமினியத் தாள். பழத்தில் இருக்கிற புளிப்பு நேரே அலுமினியத்தில் பட்டால் தாளை அரித்து ஓட்டை போட்டுவிடும். பிறகு இறுக்கமான மூடியுள்ள பிஸ்கட் ரின்னில் வைத்து, ரின்னைச் சுவர் அலுமாரியின் அடித்தட்டில் வைத்தாயிற்று.

தங்கச்சி தொலைபேசியில், "பிரிட்ஜுக்குள்ள வைச்சா இன்னும் கனநாள் கிடக்கும்தானே அக்கா?" என்று கேட்டாள். எல்லோரும் கேட்கிற கேள்வி. ரிச் கேக்குக்கு அது தேவையில்லை. இதில் இருக்கிற ஈரத்தைச் சீனியும் பழமும் பிடித்து வைத்திருக்கின்றன, பூஞ்சணம் வளர அந்த ஈரம் கிடைக்காது. மேற்பரப்பைப் பிரண்டி பார்த்துக்கொள்ளும். சாதாரணப் பட்டர் கேக்குக்கோ பிரிட்ஜ் எதிரி. வேகும்போது நீர் குடித்து இளகிய மாவுச்சத்து, ஆறிய பிறகு மெல்ல மெல்லத் திரும்ப இறுகும். அதனால்தான் கேக் வறண்டு உதிர்கிறது. அந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது பிரிட்ஜின் நாலைந்து பாகைக் குளிரில். உறைபெட்டியின் மைனஸ் 18இல் அது நின்றுவிடும். ஆகவே பட்டர் கேக் ஒன்றில் மேசையில் இருக்கவேண்டும், இல்லையென்றால் உறைபெட்டிக்குப் போகவேண்டும். கிறீம் வைத்த கேக்கை மட்டும் வேறு வழியில்லாமல் பிரிட்ஜில் வைக்கிறோம்.

அந்தாட்டிக்காவின் அடேர் முனையில் ஒரு பழைய குடிசையில் கிடந்த பழக்கேக் ஒன்றைப் பற்றி 2017இல் செய்தி வந்தது. தென்துருவப் பயணி ஸ்கொட்டின் குழுவினர் கொண்டுபோனது என்று கருதப்படுகிற அந்தக் கேக்குக்கு நூறு வயதுக்கு மேல். ரின் துருப்பிடித்துப் போயிருந்தது. உள்ளே தாளில் சுற்றிய கேக் முழுசாக இருந்தது, பட்டர் மட்டும் கொஞ்சம் காறல் மணம். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லாச் சுத்தி வைச்சிருக்கினம்" என்றா.

17 நவம்பர், ஞாயிறு

நத்தாரையொட்டி நடக்கிற ஒளி விழாவுக்கான பட்டர் கேக்குகள் இன்று உறைபெட்டிக்குப் போயின. நன்றாக ஆறிய பிறகு பொலித்தீன் படலத்தில் இரண்டு சுற்று, மேலே அலுமினியத் தாள், அதன்மேல் திகதி. சூட்டோடு சுற்றினால் உள்ளே ஆவி படிந்து பனிக்கட்டியாகும். ஐசிங் எதுவும் பூசவில்லை. பட்டர் ஐசிங் உறைவைத் தாங்கும், வெள்ளைக்கரு ஐசிங் தாங்காது.

மிச்ச இடத்தைத் தண்ணீர்ப் போத்தல்களால் நிரப்பினேன். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பழக்கம் இது.

27 நவம்பர், புதன்

விடாத மழை. கரண்ட் இல்லை. உயர்தரப் பரீட்சையையும் நிறுத்திவிட்டார்கள். புயலாக மாறப்போகிற தாழமுக்கமாம். றோட்டு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை.

உறைபெட்டியின் கதவில் "திறக்க வேண்டாம்" என்று தாள் ஒட்டியிருக்கிறேன். நிரம்பிய உறைபெட்டி, திறக்காமல் இருந்தால், இரண்டு நாள் மட்டில் குளிரைப் பிடித்திருக்கும். பாதி நிரம்பினது ஒரு நாள்தான் தாங்கும்.

மழைக்கு எறும்பு முழுக்க வீட்டுக்குள் ஏறிவிட்டது. ரின்களைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் செங்கல் வைத்து அதன்மேல் ஏற்றியாயிற்று. பிரண்டி தடவுகிற முறை இந்தக் கிழமை. தடவவில்லை. இந்த ஈரக்காற்றில் மூடியைத் திறப்பது நல்லதில்லை.

1 டிசம்பர், ஞாயிறு

திருவருகைக்காலம் தொடங்கியது. கரண்ட் வந்துவிட்டது. உறைபெட்டியில் போத்தல்கள் கட்டியாகவே இருந்தன. ஒளி விழா தள்ளிப்போய்விட்டது.

வெள்ளத்தில் வீடு விட்டு வந்த குடும்பங்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள். அங்கே சோறு கிடைக்கிறது, பிள்ளைகளுக்கு வேறொன்றும் இல்லை. பட்டர் கேக்குகளைக் காலையில் சுற்றோடு வெளியே எடுத்து வைத்தேன். சுற்றை அவிழ்க்காமல் விட்டால் பனித்தண்ணீர் தாளின் வெளியேதான் படியும், கேக் நனையாது. பின்னேரம் வெட்டிக் கொண்டுபோனோம். அன்று காலையில் அடித்த கேக் மாதிரியே மெதுமெதுப்பு. ஒரு சின்னப் பெடியன் தன் துண்டைப் பாதி கடித்துவிட்டு மிச்சத்தைத் தங்கச்சிக்கென்று சட்டைப் பையில் போட்டான். அவளுக்கு வேறு துண்டு இருக்கிறது என்று சொல்லியும் வெளியே எடுக்கவில்லை.

15 டிசம்பர், ஞாயிறு

ரின்னைத் திறந்தோம். வீடு முழுக்க மணம். கடைசியாக ஒரு தேக்கரண்டி பிரண்டி. இனித் தடவினால் மேற்பக்கம் களியாகிவிடும்.

22 டிசம்பர், ஞாயிறு

வெட்டுகிற நாள். கத்தியைச் சுடுதண்ணீரில் தோய்த்து, துடைத்து, ஒரே அமத்தில் இறக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் திரும்பத் துடைக்க வேண்டும். துண்டு தீப்பெட்டி அளவு. முதலில் ஓயில் பேப்பர், பிறகு மினுங்கல் தாள், இரண்டு முனையையும் முறுக்கினால் முடிந்தது. கனடாவில் இருக்கிற தம்பிக்கு, அங்கே போகிறவர் கையில் ஒரு பெட்டி இன்றே கொடுத்துவிட்டேன். ரிச் கேக்குக்குப் பயணத்தால் ஒரு குறையும் வராது.

விளிம்பில் சீவின துண்டுகளை அம்மாவும் நானும் தேத்தண்ணியோடு சாப்பிட்டோம். "இந்த முறை சாதிக்காய் தெரியேல்லை பிள்ளை" என்றா அம்மா. ஒக்டோபரில் தொடங்கியது இந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

27 டிசம்பர், வெள்ளி

வெட்டாத தட்டு ஒன்று மிச்சம். பெப்ரவரியில் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். கஜு மாப்பசையும் ஐசிங்கும் கல்யாணத்துக்கு முதல் கிழமை போட்டால் போதும். அதுவரை ரின் அலுமாரியில் இருக்கும். ஜனவரி நடுவில் ஒருமுறை திறந்து, ஓரங்களில் பூஞ்சணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.