மூடிய பெட்டி: சல்காட்டா ஆமைக் குஞ்சுக்கு ஒரு டொராண்டோ குளிர்காலம்

நவம்பர் 8

வீட்டு ஹீட்டர் ஓடத் தொடங்கியதுமே அறையின் ஈரப்பதம் 45%-லிருந்து 30%-க்கு இறங்கிவிட்டது. இனி இன்னும் இறங்கும். வெளியே மைனஸ் 10 டிகிரியில் 80% ஈரத்தோடு இருக்கும் காற்று உள்ளே வந்து 22 டிகிரிக்குச் சூடானால், அதன் ஈரப்பதம் 10% கூட இராது. சமையல், குளியல், நம் மூச்சு எல்லாம் சேர்ந்துதான் அறையை 25, 30 என்று தாங்கிப் பிடிக்கின்றன. அந்த 30% காற்றையே ஆமைப் பெட்டிக்குள் 30 டிகிரிக்குச் சூடாக்கினால் கருவி 19% காட்டும். நீர் எங்கும் போகவில்லை; சூடான காற்றின் கொள்ளளவு கூடிவிட்டது, அவ்வளவுதான். ஈரத்தைத் தனியாகவும் சூட்டைத் தனியாகவும் சரிசெய்யப் பார்ப்பவர்கள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள்.

சல்காட்டா குஞ்சுக்கு வேண்டியது 80%. பாலைவன ஓரத்து ஆமைக்கு எதற்கு ஈரம் என்று கேட்கலாம். சஹாராவின் தெற்கு ஓரமான சாஹேலில் அது நாள் முழுக்க வெயிலில் கிடப்பதில்லை. வளை தோண்டி, அதற்குள் இருக்கும் ஈரக்காற்றில் பெரும்பொழுதைக் கழிக்கிறது. வீஸ்னர், ஐபன் இருவரும் 2003-ல் வெளியிட்ட வியன்னா ஆய்வில் 50 குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்தார்கள். ஓடு மேடுமேடாக எழும்பியதற்கு முதல் காரணம் வறட்சி. புரதத்தின் பங்கு மிகச் சிறியது. எழும்பிய மேடு பிறகு தட்டையாவதில்லை.

நவம்பர் 9

எதையும் திருத்துவதற்கு முன் ஈரமானியைச் சோதிக்க வேண்டும். பாட்டில் மூடியில் அரைத் தேக்கரண்டி சமையல் உப்பு போட்டு, சில சொட்டு நீர் விட்டுக் கூழாக்கவும். உப்பு கரைந்து ஓடக் கூடாது. அதையும் ஈரமானியையும் காற்றுப் புகாத ஜிப் பையில் வைத்து மூடி, அறைச் சூட்டிலேயே ஓர் இரவு விடவும். காலையில் 75% காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கூட்டிப் படிக்கலாம். முள் வைத்த வட்டமானிகளில் வித்தியாசம் இதைவிடப் பெரிதாக வருவது சகஜம். அவற்றுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

நவம்பர் 15

பெட்டி 120 × 60 செ.மீ., உயரம் 60, 18 மி.மீ. பிளைவுட். மேலே திறந்த மேசைதான் பலரும் முதலில் செய்வது. அதில் சூடான ஈரக்காற்று நேராகக் கூரைக்கு ஏறிவிடும், தெளித்த நீர் ஒரு மணி நேரம் நிற்காது. வலை மூடிமேல் அலுமினியத் தாள் ஒட்டிச் சமாளிப்பவர்கள் உண்டு, ஆனால் விளக்குகள் வெளியே இருக்கும்வரை அது அரைகுறைதான். விளக்கு, ஹீட்டர், பெட்டி எல்லாம் ஒரே மூடிக்குள் வர வேண்டும்.

உட்புற மூலைகளுக்கெல்லாம் சிலிக்கான், அதன்மேல் இரண்டு பூச்சு எபாக்சி. பூசாத பிளைவுட் ஒரே குளிர்காலத்தில் உப்பி, பூசணம் பிடித்துவிடும். எபாக்சி வாடை முழுக்கப் போகும்வரை ஆமையை உள்ளே விடக் கூடாது. காற்றோட்டத்துக்குப் பக்கத்துக்கு இரண்டாக, விரல் பருமனில் நான்கு துளைகள் போதும்.

நவம்பர் 16

இரவுச் சூட்டுக்குச் செராமிக் ஹீட்டர். அது வெளிச்சம் தராது, தரவும் கூடாது. இதன் மேற்பரப்பு 200 டிகிரிக்கு மேல் போகும், அதனால் பீங்கான் ஹோல்டர் கட்டாயம். கவ்வியை நம்பாமல் கம்பியில் தொங்கவிட்டு, சுற்றி வலைக்கூண்டு போடவும். தெர்மோஸ்டாட் 28 டிகிரியில்.

தெர்மோஸ்டாட்டின் உணரியை எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹீட்டருக்கு நேர்கீழே வைத்தால் சீக்கிரமே அணைந்து, மறுகோடி குளிர்ந்துபோகும். தரையில் கிடத்தினால் ஆமை மண்ணுக்குள் தள்ளிவிடும். ஈர மண் தாமதமாகச் சூடேறுவதால் ஹீட்டர் ஓயாமல் எரியும். நடுப்பகுதியில், ஓட்டின் உயரத்தில், சுவரோடு திருகிப் பிடிப்பதுதான் சரி.

பகலில் வெயில் காயும் விளக்கு: 65 வாட் அகலக் கதிர் பல்பு, டைமரில் 12 மணி நேரம், அடியில் ஓட்டின் உயரத்தில் 36 டிகிரி. குவியக் கதிர் பல்பு வேண்டாம். அது முதுகின் நடுவை மட்டும் சுட்டு உலர்த்தும்; பெட்டி முழுக்க 80% இருந்தும் அந்த இடம் காய்ந்து மேடாவதைப் பார்க்கலாம். வெளிச்ச வட்டம் ஆமையைவிடப் பெரிதாக இருக்க வேண்டும்.

யூவிபிக்கு (வெயிலில் உள்ள புறஊதாக் கதிர்) நீளக் குழல் விளக்கு, நடுவே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லாமல். சுருள் பல்புகளைத் தவிர்க்கவும்.

நவம்பர் 22

தரைக்குக் கோகோபீட், 8 செ.மீ. ஆழம். இந்தப் பரப்புக்கு ஏறத்தாழ 58 லிட்டர் வேண்டும். 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் போதும். உப்பு நீக்கியது என்று கேட்டு வாங்கவும். மேலே மெல்லிய அடுக்காக மரப்பட்டைச் சீவல். மணலும் சிடார் சீவலும் கூடாது.

ஸ்பிரே செய்வதைவிட ஊற்றுவது மேல். இரண்டு லிட்டர் வெதுவெதுப்பான நீரை நான்கு மூலைகளிலும் ஊற்றினால் அது அடியில் பரவும். மேல் இரண்டு விரற்கடை உலர்ந்தே இருக்கும், அடி ஈரம் மெல்ல ஆவியாகிக் காற்றை நிரப்பும். ஆமை வயிற்றோடு எப்போதும் ஈரத்தில் அழுந்திக் கிடந்தால் அதன் அடி ஓடு அழுகத் தொடங்கும். கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது.

டிசம்பர் 6

வெளியே மைனஸ் 8. கண்ணாடிக் கதவில் நீர் வழிகிறது, ஈரமானி 64%. தினமும் ஊற்றியும் ஏறவில்லை. 29 டிகிரி, 80% காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீராவி துளியாகத் தொடங்கும் சூடு, 25 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பும் காற்றிலிருந்து நீரைப் பிடுங்கிக்கொள்ளும். அறை 20 டிகிரி என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உட்பக்கம் அந்த அளவுக்குக் கீழேதான் நிற்கும். அதாவது, ஊற்றுகிற நீரெல்லாம் கதவில் இறங்குகிறது.

இதற்கு மருந்து இன்னும் நீர் அல்ல. கதவின் மேல் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் தகடு. பின்புறமும் பக்கங்களும் வெளியிலிருந்து 2.5 செ.மீ. பாலிஸ்டைரீன் பலகை. மாலைக்குள் 78%. ஹீட்டர் எரியும் நேரமும் குறைந்தது.

டிசம்பர் 13

புகைபோல் நீர்த்துளி கக்கும் கருவி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். குளிர்ந்த துளிகளைப் பெட்டிக்குள் தள்ளும், தொட்டியைக் கழுவாவிட்டால் கிருமியையும் சேர்த்து. குழாய்நீர் ஊற்றினால் எங்கும் வெள்ளைத் தூள் படியும். சூடும் ஈரமும் சேர்ந்திருந்தால் ஆமைக்கு நல்லது. குளிரும் ஈரமும் சேர்ந்தால் நுரையீரல் நோய். மூக்கில் குமிழி, வாயைத் திறந்தே மூச்சு விடுவது, கழுத்தை நீட்டித் திணறுவது தெரிந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும்.

ஜனவரி 3

இதே அளவுகளை ஹெர்மன் ஆமைக்குப் பெயர்த்து வைக்காதீர்கள். மத்தியதரைக்கடல் பக்கத்து இனம். இரவில் 18 டிகிரி அதற்கு இதமானது, அந்த இறக்கம் வேண்டும். செங்கால் ஆமைக்கோ ஈரம் இப்படியே, வெயில் காயும் இடத்தில் மட்டும் சூடு குறைவு: 32 போதும்.

தமிழ்நாட்டிலிருந்து நட்சத்திர ஆமைக்கு அளவு கேட்பவர்களுக்கு: அங்கே அதை வீட்டில் வைத்திருப்பதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2019-ல் பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலிலும் முதல் வரிசைக்கு ஏறிவிட்டது. அளவு சொல்ல மாட்டோம்.

ஜனவரி 24

இரவு மைனஸ் 21. பெட்டியின் குளிர்ந்த மூலை 27.2, சூடான பக்கம் 30, ஈரம் 82%.

ஒரு 120 வாட் ஹீட்டருக்குப் பதில் இரண்டு 60 வாட் போடுவது இப்படிப்பட்ட இரவுகளுக்காகத்தான். ஒன்று பழுதானாலும் மற்றது விடியும்வரை தாங்கும். இரண்டுக்கும் தனித்தனி தெர்மோஸ்டாட், இரண்டாவதை ஒரு டிகிரி குறைத்து 27-ல் வைக்கவும். தெர்மோஸ்டாட்டின் தொடுப்பு ஒட்டிக்கொண்டு ஹீட்டர் அணையாமல் எரிவதும் நடக்கும்; 60 வாட் என்றால் பெட்டி அடுப்பாகாது. 33-க்கு மேலும் 25-க்குக் கீழும் ஒலிக்கிற அலாரம் உள்ள வெப்பமானியைப் படுக்கையறையில் வைத்துவிடவும். அதன் பேட்டரியை நவம்பரிலேயே மாற்றிவிடுங்கள்.