நானூறில் கடைசி நூறு

எங்கள் பள்ளியில் நூறு மீட்டருக்குப் பேர் கொடுக்கச் சொன்னால் வகுப்பே எழுந்து நிற்கும். நானூறு என்றால் அத்தனை பேரும் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்துவிடுவார்கள். உடற்கல்வி ஆசிரியையாக நான் வேலைக்கு வந்த நாளிலிருந்து இதில் மாற்றமே இல்லை. பிள்ளைகளுக்கு விவரம் தெரியும். நூறு மீட்டர் வலிப்பதற்குள் முடிந்துவிடும். ஆயிரத்து ஐந்நூறில் மூச்சைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கலாம். நானூறில் இரண்டுக்கும் வழியில்லை. கிட்டத்தட்ட முழு வேகத்தில் முந்நூறு மீட்டர் போனபிறகு, உள்ளே போகிற ஆக்ஸிஜன் போதாமல் தசையில் அமிலம் ஏறிவிடும். தொடை இறுகும், தோள் காதுப் பக்கம் ஏறும், காலடி சுருங்கும். "கால் கல்லாயிடுச்சு மிஸ்" என்பார்கள். பயிற்சி கொடுத்தால் அந்த வலி போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. போகாது. கொஞ்சம் தள்ளி வரும், வரும்போது பிள்ளை பதறாமல் கையை வீசிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் மைதானத்தில் வருகிற எல்லா வலியும் இந்த வகை இல்லை. எதைத் தாங்கச் சொல்வது, எதை உடனே நிறுத்துவது என்று பிரிப்பதுதான் என் வேலையில் பாதி. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கிறது என்று வந்தால், உட்காரவைத்துக் கட்டைவிரலால் மேலிருந்து கீழ்வரை அழுத்திப் பார்ப்பேன். எலும்பின் ஓரமாக நீளத்துக்கும் வலித்தால் ஓட்டத்தைக் குறைத்து, ஐஸ் வைத்துப் பார்க்கலாம். ஒரே ஒரு புள்ளியைத் தொட்டதும் துள்ளினால் அன்றைக்கே ஓட்டத்துக்கு முழுக்கு, நேராக எலும்பு டாக்டர்தான். கீறல் விழுந்திருக்கலாம். இதில் ஒரு தமாஷ் என்னவென்றால், "செத்தேன் மிஸ்" என்று தரையில் உருளுகிற பிள்ளை இன்னும் ஒரு சுற்று தாராளமாக ஓடும். "ஒண்ணுமில்ல மிஸ்" என்று பாதத்தைச் சாய்த்து வைத்து நடக்கிற பிள்ளையைத்தான் பிடித்து உட்காரவைக்க வேண்டும்.

பசி இன்னொன்று. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. என்னிடம் ஓட வருவது எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகள். விடியற்காலையில் ஒரு டம்ளர் டீயோடு வந்து நிற்கும் பெண்ணைச் சுற்று மேல் சுற்றாக ஓடவிட்டால் ரத்தசோகைதான் மிச்சம். மாதவிலக்கு சில மாதமாக வராமல் நின்றுபோனதை, "போட்டி நேரத்துல தொல்லை இல்ல மிஸ்" என்று சந்தோஷமாகச் சொன்ன பிள்ளைகள் உண்டு. ஓடுகிற ஓட்டத்துக்குச் சாப்பாடு பத்தவில்லை என்று உடம்பு சொல்கிற சேதியாக அது இருக்கலாம். அதனால் கடலைமிட்டாய் டப்பாவும் அவித்த முட்டையும் விசில், ஸ்டாப்வாட்ச்சோடு என் பையில் சேர்ந்துவிட்டன.

மதுரைப் பக்கம் சக்கிமங்கலத்து ரேவதி வீரமணியைப் பற்றிப் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்வேன். சின்ன வயதிலேயே அப்பா அம்மாவை இழந்தவர். கூலி வேலை செய்து பாட்டி வளர்த்தார். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் அவர் ஆரம்பத்தில் ஷூ வாங்க வழியில்லாமல் வெறுங்காலோடு ஓடிய இடத்தில் வந்து நின்று கைதட்டுவார்கள். எனக்கு அதில் கைதட்ட மனசு வராது. வெயிலில் காய்ந்த சிந்தெடிக் டிராக்கில் ஒரே ஒரு வளைவு வெறுங்காலில் ஓடிப் பார்த்தால் தெரியும். ஷூ வாங்கித் தருவது பெரியவர்கள் வேலை. நான் கைதட்டுவது அந்தப் பாட்டிக்கு. பெண் பிள்ளையை ஏன் ஓட அனுப்புகிறாய் என்று ஊரும் உறவும் கேட்டதையெல்லாம் அவர் தன்னோடு வைத்துக்கொண்டு, பேத்தியை மைதானத்துக்கு அனுப்பினார்.

பிள்ளை வளர்ப்பில் பெரியவர்கள் பாடு பெரும்பாலும் இப்படி விழுங்கிக்கொள்வதுதான் என்று எனக்குத் தோன்றும். என் மகள் ஓட மாட்டாள். "டீச்சர் பொண்ணு ஓடலையா?" என்று ஸ்டாஃப் ரூமில் கேட்பார்கள். வெயிலென்றாலே அவளுக்கு ஆகாது. குறுவட்டம், மாவட்டம் என்று சீசன் தொடங்கிவிட்டால் காலையில் அவளுக்குத் தலைபின்னிவிட நான் வீட்டில் இருக்க மாட்டேன். அவளே கோணல்மாணலாகப் பின்னிக்கொண்டு போவாள். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பதை என் மாமியார் குத்தலாகத்தான் சொல்வார். சாயங்காலம் அவள் வகுத்தல் கணக்கில் திணறும்போது, விடையைச் சொல்லாமல் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அதற்கு மைதானமே தேவலை.

சில பெற்றோர் விழுங்குகிறார்கள், கூடவே கணக்கும் எழுதிவைக்கிறார்கள். ஒரு மாவட்டப் போட்டிக்கு ஒரு அப்பா லோடு ஆட்டோ சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தார். மகள் நானூறில் நாலாவது வந்தாள். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் அவள் நேரம் கேட்கவில்லை, மூச்சு வாங்கக் குனியவுமில்லை. அப்பா எங்கே நிற்கிறார் என்றுதான் தேடினாள். அவர், "உனக்காக ஒரு நாள் பொழப்பை விட்டுட்டு வந்தேன்" என்றார். அதட்டலாகக்கூட இல்லை, சாதாரணமாக. பொய்யும் இல்லை, அந்த ஒரு நாள் கூலி அவர்கள் வீட்டில் பெரிய விஷயம். ஆனால் ஏற்கெனவே கல்லாகிப்போன காலில் அதையும் சேர்த்துக் கட்டினால் அவள் எப்படி ஓடுவாள்?

"அண்ணே, 1984-ல லாஸ் ஏஞ்சலஸ்ல பி.டி. உஷாவே நாலாவதுதான் வந்தாங்க" என்றேன். 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம். மூன்றாவது வந்தவர் 55.41 விநாடி, உஷா 55.42. அவர் படாத பாடா? இவ்வளவு பட்டால் இவ்வளவு கிடைக்கும் என்று விளையாட்டில் யாருக்கும் எழுதிக் கொடுப்பதில்லை.

"அப்போ எதுக்கு டீச்சர் இம்புட்டுக் கஷ்டப்பட்டு ஓடணும்?"

நியாயமான கேள்வி. அவளிடமே கேளுங்கள் என்றேன். அவள் அதையெல்லாம் யோசித்த மாதிரியே தெரியவில்லை. "சீட்டுல ஒண்ணாவது லேன் விழுந்துருச்சுப்பா. அதுல வளைவு ரொம்ப இறுக்கம். நடு லேன் கிடைச்சிருந்தா கடைசியில இன்னும் கொஞ்சம் தெம்பு இருந்திருக்கும்" என்றாள். எட்டு லேனிலும் தூரம் ஒன்றுதானே, அப்புறம் இது எப்படி என்று அவர் என்னிடம் திரும்பினார். மூன்று பேருக்கும் டீ சொல்லிவிட்டு, குச்சியை எடுத்துத் தரையில் வளைவைப் போட்டுக் காட்டினேன்.